கவிழ்ந்து கிடந்த வேடியப்பன்

ஆம்பூருக்கு மேற்கே பாலாற்றங்கரையில் கரைமேடு என்றொரு சிற்றூர் இருந்தது. அவ்வூரின் தெய்வம் ஊரைவிட்டுப் போய் ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. தெய்வம் நின்ற இடத்தில் ஒரு புங்கமரமும், அதன் நிழலில் ஒரு பள்ளமுமே மிச்சம். ஆயினும் அந்தப் பள்ளத்தின் விளிம்பில் அந்திதோறும் ஓர் அகல் விளக்கு தவறாமல் எரிந்தது. அதை ஏற்றி வந்தவன் பூசாரி துரைசாமி.

தெய்வத்தின் பெயர் வேடியப்பன். மார்பளவு உயரமுள்ள ஒரு பலகைக்கல்தான் அவர். தலைமுறை தலைமுறையாக எண்ணெயும் மஞ்சளும் அப்பியதில், கல்லின் முகம் கருத்த மெழுகு பூசியதுபோல் மூடிக்கிடந்தது. உள்ளே என்ன உருவம் இருக்கிறதென்று கண்டவர் எவருமில்லை. அடிப்பக்கத்தில் ஒரு சிறு குழி மட்டும் தெரியும். பூசை முடிந்ததும் துரைசாமியின் வீட்டார் பெருவிரலால் அதில் ஒரு சொட்டு எண்ணெய் வைப்பார்கள். தொட்டுத் தொட்டே உண்டான குழி அது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து மூன்றாம் ஆண்டு ஐப்பசியில், மேற்கே ஏரிகள் உடைந்து பாலாறு பெருவெள்ளமாக வந்தபோது, கரையோடு கல்லும் சரிந்து போயிற்று. அதே வெள்ளம் துரைசாமியின் ஒரே நிலத்தில் இடுப்பளவு மணலைக் கொட்டிவிட்டுச் சென்றது. அந்த நிலத்துக்கு உதிரப்பட்டி என்று பெயர். ஏன் அப்படியொரு பெயர் என்று யாருக்கும் தெரியாது. பெயருக்கு அஞ்சி அதைக் குத்தகைக்குக் கேட்பவர்கூட இல்லை. அவன் மனைவி முனியம்மாவும், மணல் மூடுமுன், அதில் விளைந்த முதல் படி கேழ்வரகைச் சமைக்காமல் குருவிகளுக்கு இறைத்துவிடுவாள்.

நிலம் மணலான பின் துரைசாமி ஆற்றோரத்தில் இருந்த அப்துல் வஹீத் சாயபுவின் தோல் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலைச் சாய்வான கல்லின்மேல் விரித்து, இருகைப்பிடிக் கத்தியால் சதை வழிக்கும் வேலை. வெள்ளத்தில் கிடங்கின் பழைய கற்கள் போய்விட்டதால், ஆற்று மணலில் புதைந்து கிடந்த பலகைக்கற்களைக் கடப்பாரையால் நெம்பி, மாடு பூட்டி இழுத்து வந்தார்கள். வழவழப்பான பக்கம் மேலே இருக்கிறதென்று, தனக்கென்று ஒரு கல்லைத் துரைசாமியே தேர்ந்துகொண்டான்.

வெள்ளம் போன ஒன்பதாம் ஆண்டு மார்கழியில் ஊர்ப்பெரியவர் அருணகிரி ஊரைக் கூட்டினார்.

"கல்லு இல்லாத பள்ளத்துக்கு எதுக்குப்பா பூசாரி?" என்றார். "காணும் பொங்கல் வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள வேடியப்பன் வரலைன்னா, செங்கல்லுல புதுசா கோயில் கட்டி நாட்றம்பள்ளிலேருந்து வேற பூசாரிய கூட்டியாந்துடறேன்."

"எங்க அப்பன் பாட்டன் ஏத்துன வெளக்குங்க அது," என்றான் துரைசாமி.

"அவங்க கையில தோல் நாத்தம் இல்லியே. போன சாமி ஏன் திரும்பி வரலைன்னு நெனக்கிற? உன் கைய மோந்து பாரு, தெரியும்!"

கூட்டம் சிரித்தது. துரைசாமி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். விளக்கேற்றும் உரிமையொன்றே அவனுக்கு முன்னோர் விட்டுச்சென்றதில் மணல் மூடாத சொத்து. அதுவும் போனால் அந்த ஊரில் தான் யார் என்று அவனுக்கே விளங்கவில்லை. அடுத்து வந்த ஞாயிறுகளில் ஆற்று மணலை முழங்கால் ஆழத்துக்குத் தோண்டித் தோண்டிப் பார்த்தான். ஊற்றுநீர் வந்தது, தெய்வம் வரவில்லை.

பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கையில் கிடங்கில் ஒரு சிறு சங்கடம் நேர்ந்தது. அம்மி தேய்ந்தால் மிளகாய் நழுவும். தோல் வழிக்கும் கல் தேய்ந்தால் தோல் நழுவும். துரைசாமியின் கல், ஒன்பது ஆண்டு உழைப்பில் கண்ணாடிபோல் ஆகிவிட்டிருந்தது. அன்று இரண்டு தோல்கள் வழுக்கிக் கத்தியில் கிழிந்தன.

மேஸ்திரி முனீர் அகமது வந்து பார்த்தார். "இன்னா தொரை, கல்லுல மொகம் பாத்து சவரம் பண்ணிக்கலாம் போல இருக்கே! உளி எடுத்துக் கொத்து போடு."

"கொத்துனா ரெண்டு நாள் போய்டும், மேஸ்திரி. பொரட்டிப் போட்டா அந்தப் பக்கம் சொரசொரன்னு இருக்கும்."

ஆறு பேர் கடப்பாரை கொடுத்து நெம்பினார்கள். கல் எழுந்து, ஒருகணம் நிமிர்ந்து நின்று, மல்லாந்து விழுந்தது. முனீர் ஒரு குடம் நீரை எடுத்து அதன்மேல் கொட்டினார். சுண்ணாம்புச் சேறு வழிந்தோடியது.

கல்லுக்குள்ளிருந்து ஒரு மனிதன் அவர்களைப் பார்த்தான்.

இடப்பக்கம் சரிந்த கொண்டை. ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள். மார்பில் இரண்டு அம்புகள், தொடையில் ஒன்று. அத்தனையும் தைத்த பின்னும் முன்வைத்த கால் பின்வாங்கவில்லை. தலைக்கு மேலே இரண்டு தேவமாதர் அவன் தோள்களைத் தாங்கி மேலே அழைத்துப் போகிறார்கள். காலடியில் மாடுகள், அவற்றுள் ஒன்று மட்டும் நடையை நிறுத்திக் கழுத்தைத் திருப்பி அவனை அண்ணாந்து பார்க்கிறது. பக்கவாட்டில் வளைந்து வளைந்து சில வரி எழுத்துகள். வெள்ளமும் சுண்ணாம்பும் எண்ணெய்ப் படலத்தை உரித்துவிட, உளிபட்ட நாளின் வெண்மையோடு அவன் கிடந்தான்.

தோல் பதனிட ஆவாரம்பட்டை இடித்துக்கொண்டிருந்த உலக்கைகள் ஒவ்வொன்றாக நின்றன. துரைசாமி மண்டியிட்டான். கல்லின் அடிப்பக்கம் அவன் கை தானாகப் போயிற்று. அங்கே இருந்த குழிக்குள் அவன் பெருவிரல், உறையில் வாள் இறங்குவதுபோல் இறங்கிற்று.

"எங்க வேடியப்பன்," என்றான். "மேஸ்திரி, நான் அவரு முதுகுமேல..."

முனீர் எதையாவது சொல்லித் தேற்ற நினைத்தார். "ஒம்பது வருஷம் லீவு போடாம வேலை செஞ்சிருக்காருப்பா," என்றார். யாரும் சிரிக்கவில்லை, அவரும்தான்.

வஹீத் சாயபு செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார். வெகுநேரம் பார்த்தார். "இன்னொருத்தரோட பெரியவர நம்ம கொல்லையில கெடத்தி வேல வாங்கியிருக்கோம். அல்லா மன்னிக்கணும்," என்றார். பின், "எழுத்து இருக்குது. இன்னா எழுதியிருக்குன்னு தெரியாம இவர அனுப்பக் கூடாது. காட்பாடியில கல்வெட்டு ஆபீசர் ஒருத்தர் முகாம் போட்டிருக்காராம். ரயிலுக்கு ஆள் அனுப்பு" என்று முனீரிடம் சொன்னார்.

மறுநாள் காலையில் கல்வெட்டுப் படியெடுக்கும் கோதண்டபாணி வந்தார். அதற்குள் செய்தி கேட்டுக் கரைமேடே கிடங்கு வாசலில் திரண்டிருந்தது. அருணகிரி முன்னால் நின்றார்.

"சாமி கெடைச்சிட்டார், சந்தோஷம். ஆனா அவரு முதுகுல மாட்டுத்தோல வழிச்ச கையி, அவருக்கே வெளக்கு ஏத்துமா? ஊரு ஒத்துக்குமா?"

துரைசாமியும் இரவெல்லாம் தன்னையே அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். இடுப்பில் முடிந்திருந்த விளக்குத்திரிகளை எடுத்து அருணகிரியின் கையில் வைத்தான்.

"வாங்கிக்கங்க. என் கை ஆகாது."

கோதண்டபாணி இவற்றையெல்லாம் கவனிக்கவில்லை. ஈரத்தாளைக் கல்லின்மேல் விரித்து, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துக்குள் இறக்கி, மை ஒற்றினார். கருப்பில் வெள்ளையாக எழுத்துகள் எழுந்து வந்தன. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உரக்க வாசித்தார்.

"யாண்டு பதினாறாவது... தொறுக் கொண்ட ஞான்று தொறு மீட்டுப் பட்டான்... இங்கே ஆள் பெயர். சுண்ணாம்பு தின்றுவிட்டது, போகட்டும்." நிமிர்ந்தார். "தொறு என்றால் மாட்டு மந்தை. மந்தையைக் கள்வர் ஓட்டிப்போன நாளில் இவர் அதை மீட்டு, மீட்ட இடத்திலேயே விழுந்திருக்கிறார். ஆயிரம் வருஷத்துக்கு மேலே இருக்கும்."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. அவர் கடைசி வரிக்குக் குனிந்தார்.

"இவன் மக்களுக்கு உதிரப்பட்டி அட்டினது. அதாவது..."

"இன்னா சொன்னீங்க?" என்று கேட்டது முனியம்மா. கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்துவிட்டாள்.

"உதிரப்பட்டி, அம்மா. ஊருக்காக ரத்தம் சிந்திச் செத்தவனின் பிள்ளைகளுக்கு ஊர் விட்டுக்கொடுக்கும் நிலம். அப்படி ஒரு பெயரில் இங்கே நிலம் ஏதும்..." அவர் சொல்லி முடிக்கவில்லை. நூறு முகங்களும் துரைசாமியின் பக்கம் திரும்பியதைக் கண்டு அவரும் திரும்பினார்.

துரைசாமிக்கு முதலில் ஒன்றும் கேட்கவில்லை. அரசர்கள் போனார்கள், அவர்கள் எழுத்தும் போயிற்று, இறந்தவனின் பெயரும் போயிற்று. மணல் மூடிய ஒரு துண்டு நிலம் மட்டும் தன் பெயரை நாவுக்கு நாவு கடத்தி, துரைசாமியின் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து சேர்த்திருந்தது. அவன் கல்லைப் பார்த்தான். மாடு இன்னும் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அருணகிரி கையிலிருந்த திரிகளைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். திரிகளைத் துரைசாமியின் உள்ளங்கையில் திரும்ப வைத்து, அந்தக் கையை ஒருகணம் விடாமல் பிடித்துக்கொண்டார்.

"வண்டிய கட்டுங்கப்பா," என்றார். "மொதல்ல தொரைசாமி கை வெக்கட்டும். அப்பறம் நாம."

வஹீத் சாயபுவின் வண்டியிலேயே வேடியப்பன் ஊர் திரும்பினார். அன்று அந்தியில் பள்ளம் நிரம்பிற்று, அகல் எரிந்தது. எல்லாரும் போன பின்னும் துரைசாமி கல்லின் பின்புறம் நின்று, தன் கத்தி மெருகேற்றிய அந்த வழவழப்பைத் தடவிக்கொண்டிருந்தான்.

"மாட்டுக்காக அம்பு வாங்கினவரு முதுகுல, தெனம் மாட்டுத்தோல விரிச்சேனே, முனிம்மா."

முனியம்மா திரியைத் தூண்டிவிட்டாள். "மாடுங்க அவரத் தேடிக்கினு வந்துச்சிங்கன்னு நெனச்சிக்க," என்றாள். அவன் பெருவிரலில் எண்ணெய் தொட்டுக் குழியில் வைத்தான்.

காணும் பொங்கல் கழிந்து துரைசாமி கிடங்குக்குத் திரும்பினான். அவனுக்காக ஆற்றிலிருந்து வேறொரு கல் வந்து கிடந்தது. முனீர் முதல் தோலைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இரு மேஸ்திரி," என்று துரைசாமி கடப்பாரையை எடுத்தான். "அந்தப் பக்கத்த ஒரு தபா பாத்துடலாம்."

ஆறு பேர் சேர்ந்து நெம்பினார்கள். கீழே வெறுங்கல்தான் இருந்தது. அப்போதும் எல்லாரும் சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.