நான்தான் எடுத்தேன்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பெண்மணி சொன்னது. ஸ்டீயரிங்கைப் பிடித்தாலே வியர்த்துக் கொட்டும் என் பயத்தைப் போக்க, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு துண்டு துண்டாகச் சொன்னார். நடுநடுவே "ஓரமா ஒதுங்குங்க" என்றும், "கதை கேக்கறது காது சார், கண்ணு ரோட்டுல இருக்கட்டும்" என்றும் சொன்னார். ஆகவே கதையில் சில முக்கியமான இடங்கள் எனக்குச் சரியாகத் தெரியாது. அந்த இடங்களில் நான் வண்டியை அணைத்துவிட்டிருந்தேன். (நான் அணைக்கவில்லை, அதுவாக அணைந்தது. இதை அவர் ஏற்பதில்லை.)

வண்டி ஓட்டும்போது கைப்பேசி கூடாது என்கிறது சட்டம். கதை கூடாது என்று எங்கும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

2

அவர் சொன்னதை எழுத உட்கார்ந்தபோது முதல் வரிக்கே நாக்குத் தள்ளிவிட்டது.

'சிவப்பு விளக்கின் கீழே விதி அவர்களுக்காகக் காத்திருந்தது.' படித்துக் காட்டினேன். "விதி இல்ல சார், போலீஸ்காரர்," என்றார் பயிற்சியாளர்.

'அது ஒரு மழைக்கால மாலை. சாலையோர மரங்கள் தலையைத் துவட்டிக்கொண்டு—' "நல்ல உச்சி வெயில் சார்."

கடைசியில் அவரே ஒரு வரி சொன்னார்: 'என் மாமியாருக்கு நான் கார் ஓட்டக் கத்துக்கொடுத்தேன்.' இதைவிடத் திகிலான தொடக்கம் எனக்குத் தோன்றவில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

மாமியார் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒயரைச் செருகி ஊரையே பேச வைத்த காலத்து ஆள். மணி அடித்துக்கொண்டே இருந்தால் அவருக்கு உடம்பு பதறும். அடுத்த ஊரில் அவருக்கு ஒரு தங்கை இருந்தார். அங்கே போக வேண்டும் என்று சொல்லும்போதெல்லாம் மகன், "ஞாயித்துக்கிழமை பார்க்கலாம்மா," என்பார். ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன, போயின. பார்க்கத்தான் முடியவில்லை.

ஒருநாள் மருமகள், அதாவது என் பயிற்சியாளர், வேலைக்குப் போனபோது, அன்றைய புது மாணவியாக மாமியார் பயிற்சிப் பள்ளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பணமும் கட்டியாகிவிட்டது.

"வீட்டுல சொல்லியிருக்கலாமே அத்தை."

"சொன்னா நீயும் ஞாயித்துக்கிழமை பார்க்கலாம்னு சொல்லுவ."

இருவருக்கும் வீட்டில் சண்டை வந்ததே இல்லையாம். இதை நான் முதலில் நம்பவில்லை. சண்டைக்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் தயாராகத்தான் இருந்தன, பற்றவைக்க யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை என்று பிறகு புரிந்தது. பயிற்சிக் காரில் பயிற்சியாளரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். வீட்டிலும் இப்படி ஒன்று பொருத்தியிருக்கலாம் என்று மருமகளுக்குத் தோன்றியதாம். மாமியாருக்கும் தோன்றியிருக்கும்.

4

சிவப்பு விளக்கில் மாமியார் அழகாக நிறுத்தினார். அப்போது இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் கிடந்த மருமகளின் கைப்பேசி அடித்தது. திரையில் வீட்டுக்காரர் பெயர். அடித்துக்கொண்டே இருந்தது. அப்போது சட்டென்று அதை எடுத்தது—

இங்கேதான் என் வண்டி அணைந்தது. பின்னால் ஒரு லாரி ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டது. நான் மறுபடி கிளப்பி முடித்தபோது கதை இந்த இடத்தைத் தாண்டியிருந்தது.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கைப்பேசி இருவர் கையிலும் இருந்தது. ஆளுக்கொரு முனை. அதிலிருந்து வீட்டுக்காரர் குரல் கேட்டது: "மெஷின்ல கறுப்புத் துணியும் வெள்ளைத் துணியும் சேர்த்துப் போடலாமா?"

"போடாத," என்றார் அம்மா.

"போடாதீங்க," என்றார் மனைவி.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள்.

(குறிப்பு: விளக்கில் நின்றிருந்தாலும் வண்டி ஓட்டுவதாகத்தான் கணக்கு. பேச வேண்டியதில்லை, கையில் பிடித்தாலே குற்றம். பழகுபவர் ஓட்டினாலும், பக்கத்தில் இருக்கும் பயிற்சியாளரும் ஓட்டுநராகவே கருதப்படுவார். இவை கதை நடக்கும் ஊரின் சட்டங்கள். உங்கள் ஊர்ச் சட்டத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், அபராதம் வந்தால் என்னிடம் வராதீர்கள்.)

5

"யாரு எடுத்தது?" என்றார் போலீஸ்காரர்.

"நான்தான்," என்றார் மாமியார்.

"நான்தான்," என்றார் மருமகள்.

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "எனக்கு 'நான் இல்ல'ன்னு சொல்றவங்களத்தான் தெரியும். காது குடைஞ்சேன்னு ஒருத்தர். பல்வலிக்கு ஐஸ்கட்டி வெச்சிருந்தேன்னு ஒருத்தர். நீங்க ரெண்டு பேரும் 'நான்தான்'னா நான் என்ன பண்றது?"

பிறகு பொறுமையாக விளக்கினார். எடுத்தது பழகுபவர் என்றால் பழகும் உரிமம் ரத்து, அடுத்த வருடம்தான் மறுபடி கேட்கலாம். பயிற்சியாளர் என்றால் சொல்லிக்கொடுக்கும் உரிமமும் ஓட்டும் உரிமமும் மூன்று மாதம் நிறுத்தம். அபராதம் எப்படியும் உண்டு.

"அவளுக்குப் பொழப்புப் போயிடும் சார். என் பேர எழுதுங்க."

"அத்தை, சும்மா இருங்க. ஒரு வருஷம் உங்களால காத்திருக்க முடியாது. சார், நான்தான்."

"ஏன் முடியாது? அதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துடுவேனா?"

"நான் அப்படியா சொன்னேன்?"

"பார்த்தீங்களா சார். எப்பவும் இப்படித்தான். வீட்டுல ஒரு டம்ளர் கழுவ விடமாட்டா. 'நான் பார்த்துக்கறேன் அத்தை, நான் பார்த்துக்கறேன் அத்தை.' இப்ப ஒரு தப்புகூட என்னைப் பண்ண விடமாட்டேங்கறா."

"நீங்க கழுவின டம்ளர நான் திரும்பக் கழுவறேன்னு பக்கத்து வீட்டுல போய்ச் சொன்னது யாரு?"

"கழுவினியா, இல்லியா?"

மருமகள் சாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"கழுவினேன்."

விளக்கு பச்சையாகி, சிவப்பாகி, மறுபடி பச்சையானது. பின்னால் ஹாரன்கள். கைப்பேசி இன்னும் இணைப்பில்தான் இருந்தது. "அப்ப சேர்த்துப் போடக் கூடாதா?" என்றது.

போலீஸ்காரர் ஜன்னலுக்குள் குனிந்தார். "தனித்தனியாப் போடுங்க சார். வெள்ளைய முதல்ல."

இந்த இடத்தில் நான் ஒரு பத்தி எழுதியிருந்தேன். 'இருவர் கண்களும் கலங்கின. மருமகள் மெல்ல மாமியாரின் கையைப்—' பயிற்சியாளர் அதைப் படித்துவிட்டு, "வண்டி நடுரோட்டுல நிக்குது சார்," என்றார். எடுத்துவிட்டேன்.

போலீஸ்காரர் தீர்ப்புச் சொன்னார். "யாரு முதல்ல எடுத்தாங்கன்னு எனக்குத் தேவையில்ல. ரெண்டு பேர் கையும் அதுல இருந்தத நான் பார்த்தேன். ரெண்டு பேருக்கும் உண்டு."

6

ஆக, இரண்டு பேர் உரிமமும் போனது. மாமியாரும் மருமகளும் மூன்று மாதம் ஒரே வீட்டில், ஒரே சோஃபாவில். வெளியே போகவேண்டுமானால் வீட்டுக்காரர்தான் ஓட்ட வேண்டும். பக்கத்தில் மனைவி, பின்னால் அம்மா. இண்டிகேட்டர் போடாமல் திரும்பினால் இரண்டு பக்கமிருந்தும் பெருமூச்சு வரும். சொல்லி வைத்ததுபோல் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சித்தி வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டார். கைப்பேசியை டிக்கியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

கதை இங்கே முடிந்திருக்கலாம், வாசகருக்கும் திருப்தியாக இருந்திருக்கும். மாமியாருக்குத் திருப்தியாக இல்லை. "கொண்டுபோய் விடறது வேற, போறது வேற," என்றாராம்.  மூன்று மாதம் முடிந்து வேலைக்குத் திரும்பியபின், ஒரு வருடம் ஆவதற்காக மாமியாரைவிட அதிகமாகக் காத்திருந்தது மருமகள்தான்.

டம்ளரை இப்போது மாமியார் கழுவுகிறார். மருமகள் திரும்பக் கழுவுவதில்லை. (கழுவுகிறார். மாமியார் குளிக்கப் போயிருக்கும்போது.)

"உண்மையில யாரு எடுத்தது?" என்று ஒருநாள் பயிற்சியாளரிடம் கேட்டேன்.

"நான்தான் சார்."

ஒரு வருடம் கழித்து மறுபடி பழக வந்த மாமியாரிடமும் கேட்டேன். "நான்தான் தம்பி. அவ வேற மாதிரி சொல்லுவா, நம்பாதீங்க."

மூன்றாவதாக விசாரிக்க ஆள் இல்லை. மாமியார் அந்த மாதமே தேர்வில் தேறிவிட்டார். நான் இன்னும் தேறவில்லை.

7

இன்று என்னை ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தச் சொன்னார் பயிற்சியாளர். எஞ்சினை அணைக்கச் சொன்னார். (இந்த முறை நானாகவே அணைத்தேன்.) பிறகுதான் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார்.

மாமியார் காலையில் தனியாகப் புறப்பட்டுத் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார். முதல் தடவை. போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுகிறேன் என்றாராம். நேரம் எப்போதோ தாண்டிவிட்டது.

"ஒரு ஃபோன் போட்டுப் பார்க்கலாமே," என்றேன்.

"ஓட்டிட்டு இருப்பாங்க சார்."

திரையில் 'அத்தை' என்று இருந்தது. அதன் மேல் கட்டைவிரல் நின்றது, விலகியது, மறுபடி வந்து நின்றது.

நான் ஆறுதலுக்கு மூன்று முடிவுகள் சொன்னேன். தங்கையைப் பார்த்த சந்தோஷத்தில் கூப்பிட மறந்துவிட்டார். நல்ல சாலையைப் பார்த்ததும் தங்கை ஊரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறார். மூன்றாவதைத் தொடங்கினேன், 'வளைவில் ஒரு—' அவர் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

கைப்பேசி அடித்தது. துள்ளி எடுத்தார். வீட்டுக்காரர்.

"அம்மா கூப்பிட்டாங்களா?"

"இல்லைங்க. வைங்க. அவங்க கூப்பிடும்போது பிஸின்னு வரும்."

வைத்துவிட்டு மடியில் திருப்பிப் போட்டார். உடனே நிமிர்த்திப் போட்டார். என் பயிற்சி நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது, அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "டயர்ல காத்து பார்த்தேன்," என்றார் என்னைப் பார்க்காமலேயே. "கண்ணாடிகூட அவங்க உயரத்துக்குச் சரி பண்ணித்தான் வெச்சேன்." கொஞ்சம் கழித்து, "அதையும் அவங்க திரும்பச் சரி பண்ணியிருப்பாங்க," என்றார்.

நான் தலையாட்டினேன். சாலையில் கார்கள் போய்க்கொண்டிருந்தன.

எனக்கும் தெரியாத ஒரு முடிவை உங்களுக்காக எழுதுவது சரியில்லை. தெரிந்தே ஆக வேண்டும் என்றால் வாருங்கள், பின் இருக்கை காலியாகத்தான் இருக்கிறது, எங்களோடு உட்காருங்கள். கூப்பிட மட்டும் வேண்டாம்.