மஞ்சள் கரு யாருக்கு

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். கைக்கு எட்டுகிற பொத்தானையெல்லாம் அமுக்குவார்கள். அசையவில்லை என்றால் அதே பொத்தானை இன்னும் பலமாக அமுக்குவார்கள். நான் லிஃப்ட் மெக்கானிக். வெளியே நின்றுகொண்டு, "பயப்படாதீங்க, மூச்செல்லாம் முட்டாது" என்று சொல்லியே பாதி ஆயுசைக் கழித்தவன். இப்போது உள்ளே இருப்பது நான். பொத்தானை அமுக்குவது என் மனைவி.

என் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். இடது கையில் இரண்டு ஊசி குத்திச் சாய்வு நாற்காலியில் படுக்க வைத்துவிடுவார்கள். ஒரு ஊசி வழியாக ரத்தம் மெஷினுக்குப் போய், கழுவப்பட்டு, இன்னொன்று வழியாகத் திரும்பி வரும். அதுவரை அந்தக் கையை அசைக்கக் கூடாது. எதிரே ஒரு ஜன்னல் உண்டு. அதைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவரும் ஒரு குழாயும் தெரியும். அந்தக் குழாயில் எந்த இடத்தில் பெயின்ட் உரிந்திருக்கிறது என்று என்னைக் கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவேன்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வீட்டில் தட்டுக்கு முன்னால் உட்காருவதுதான் பொறுக்க முடியாதது.

நோய் ஆரம்பித்த காலத்தில் டாக்டர் சொன்னார், "பருப்பு, முட்டை, கறியெல்லாம் குறைச்சுக்குங்க. மெஷினைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம்." என் மனைவி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். காய்கறியைப் பொடியாக நறுக்கி வேக வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேக வைப்பாள். கடைசியில் அது என்ன காய் என்று அதற்கே மறந்துபோகும். உப்பு கிடையாது. மெஷின் உண்மையிலேயே தள்ளிப் போனது. டாக்டரே அவளைப் பாராட்டினார். அப்புறம் ஒரு நாள் மெஷின் வந்தே விட்டது. அதற்கு அவள் டாக்டரைக் குறை சொல்லவில்லை. நான் வேலை செய்த கட்டடத்தில் யாரோ வாங்கிக் கொடுத்துத் தின்ற ஒரு முட்டை சாண்ட்விச்சைத்தான் சொன்னாள். இன்றுவரை அவள் கணக்கில் என் சிறுநீரகத்தைக் கொன்றது அதுதான்.

இப்போது என் அக்கா தன் சிறுநீரகத்தில் ஒன்றை எனக்குத் தருகிறேன் என்கிறாள். எல்லாச் சோதனையும் பொருந்திவிட்டது. ஆனால் அக்காவுக்கு ரத்தக் கொதிப்பு மெல்ல ஏறிக்கொண்டு வருகிறது. இன்னும் ஏறினால் அவளிடமிருந்து எடுக்க மாட்டார்கள். அதற்குள் எனக்கு ஆபரேஷன் நடக்க வேண்டும். ஆபரேஷன் டாக்டர் என் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "ரத்தத்துல புரதம் ரொம்பக் கம்மி. இந்த நிலையில கத்தி வெச்சா புண்ணு ஆறாது. அது ஏறட்டும், பாக்கலாம்."

ஆஸ்பத்திரி டயட்டீஷியன் பொண்ணு எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் புரியும்படி சொன்னது. "மெஷின் வர்றதுக்கு முன்னாடி புரதத்தைக் குறைக்கணும்மா. மெஷின் வந்த பிறகு கூட்டணும். ஒவ்வொரு தடவையும் மெஷினே கொஞ்சம் எடுத்துட்டுப் போயிடுது. தினம் முட்டையோட வெள்ளைக் கரு குடுங்க. மஞ்சள் வேண்டாம், அதுல பாஸ்பரஸ் அதிகம்."

என் மனைவி தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் அரை முட்டையின் வெள்ளைக் கருவைக் கிண்ணத்தில் வைத்து, விஷத்தை அளந்து கொடுப்பவளைப் போல நீட்டினாள்.

"இவ்வளவுதானா?" என்றேன்.

"அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சுங்க. எடை ஒண்ணும் குறையலையே."

"அது தண்ணி. சதை போன இடத்துல தண்ணி வந்து உக்காந்திருக்கு. எடை மெஷினுக்கு ரெண்டும் ஒண்ணுதான்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சே."

"முட்டையைத் தின்னுதானே இங்க வந்து நிக்கிறோம்?"

சூடு கண்ட பூனையிடம் என்ன பேசுவது? எனக்குக் கோபம் வந்தது. நன்றாகவே வந்தது. ஆனால் என்னை இவ்வளவு நாள் உயிரோடு வைத்திருப்பவளிடம் எந்த வாயால் கத்துவது? போதாக்குறைக்கு என் நாக்கும் செத்துக் கிடந்தது. எதை வாயில் போட்டாலும் ஸ்பேனரை நக்கியது போல இருந்தது. பாதித் தட்டு மிச்சம் வைப்பேன். "வயித்துக்குத் தெரியும், எவ்வளவு போதும்னு" என்று அவள் நிம்மதியாக எடுத்துப் போவாள். அக்கா போனில், "டேய் தம்பி, நான் பொட்டியைக் கட்டிட்டு உக்காந்திருக்கேன். நீ என்னடா இன்னும் கிளம்பலையா?" என்பாள். சிரித்துவிட்டு வைத்துவிடுவேன். அப்புறம் பயமாக இருக்கும்.

அப்படி ஒரு டயாலிசிஸ் நாளில்தான் அது நடந்தது. உள்ளே போகுமுன் எடை பார்க்கும் இடத்தில் நாங்கள் நின்றிருந்தோம். புது நர்ஸ் ஒருத்தி வந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். தண்ணீர் கோத்து என் முகம் உருண்டையாக, பளபளவென்று இருந்தது. "சார், நீங்க அந்தப் பெஞ்சுல உக்காருங்க" என்று என்னை ஒதுக்கிவிட்டு, என் மனைவியின் தோளைப் பிடித்து எடை மெஷினில் ஏற்றினாள்.

"செருப்பைக் கழட்டிடுங்கம்மா. ஊசி எந்தக் கையில போடுறது?"

கேட்டுக்கொண்டே அவள் கையைத் திருப்பி நரம்பைத் தடவிப் பார்த்தாள். நான்தான் எழுந்து, "நோயாளி நான்ம்மா" என்றேன். நர்ஸ் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டாள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தேன். முழங்கையில் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. தொளதொளத்துப்போன ரவிக்கையின் கையை என் மனைவி ஊசி நூலால் பிடித்துத் தைத்திருந்தாள்.

நாற்காலியில் படுத்த பிறகும் அந்தக் கைதான் கண்ணில் நின்றது. ஒரே பானையில் சமைக்கிறாள் என்று தெரியும். தனக்கென்று அடுப்படியில் ஏதாவது வைத்துக்கொண்டிருப்பாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஒன்றும் இல்லை. நான் தின்ற சக்கையைத்தான் அவளும் தின்றிருக்கிறாள். மாட்டிக்கொண்ட லிஃப்டில் நான் மட்டும் இருக்கிறேன் என்று இத்தனை நாள் புலம்பியிருக்கிறேன்.

மெஷின் ஓடியது. குழாயைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். இவளிடம் நேராகப் போனால் வேலைக்காகாது. "உனக்காகச் சாப்பிடு" என்றால், "எனக்கு என்ன நோயா?" என்பாள். எந்த லிஃப்ட் கதவையும் வெளியிலிருந்து திறக்க ஒரு சாவித் துளை இருக்கும். அதைத் தேடுவதுதானே என் வேலை?

அன்று சாயங்காலம் அடுப்படிக்குப் போனேன்.

"நாளையிலருந்து எனக்கு முழுசா முட்டை வேணும். அந்த டயட்டீஷியன் பொண்ணு சொன்னபடி. வெள்ளை மட்டும்."

"மஞ்சளை என்ன பண்றது?"

"குப்பையில போடு."

கரண்டியைக் கீழே வைத்தாள். ஒரு பருக்கைச் சோற்றைக்கூடக் கொட்டாதவள் அவள்.

"சாப்பிடுற பொருளைக் குப்பையில போடுறதாவது."

"அப்போ நீ சாப்பிடு. நான் சாப்பிடக் கூடாதுன்னு டயட்டீஷியனே சொல்லியாச்சு."

என்னை முறைத்தாள். தந்திரம் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஆனாலும் மறுநாள் முட்டைகள் வெந்தன. வெள்ளை என் தட்டில். மஞ்சளை அவள் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று தின்றாள். நான் ஸ்பேனரை நக்குவது போல மென்று முழுங்கினேன். குமட்டியது. முழுங்கினேன். அவள் திரும்பிப் பார்ப்பாள், என் தட்டு காலியாக இருக்க வேண்டும்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் புரதம் ஏறியிருந்தது, ஆனால் போதவில்லை. "இதே மாதிரி இன்னும் கொஞ்ச நாள்" என்றார் டாக்டர். "நான் எங்கயும் ஓடிப் போகலைடா" என்றாள் அக்கா. அவளுடைய ரத்தக் கொதிப்பு மாத்திரையின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள் என்பதை அக்காவின் கணவர்தான் தனியாகச் சொன்னார்.

அன்று டயாலிசிஸ் முடிந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். என் மனைவி டப்பாவைத் திறந்து முட்டையைப் பிளந்தாள். வெள்ளையை எனக்குக் கொடுத்துவிட்டு, மஞ்சளைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். பக்கத்தில் யாரோ சாப்பிட்டுவிட்டு விட்டுப்போன உப்புப் பொட்டலம் ஒன்று கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, நான் உப்பு போட்டுக்கலாமா?" என்று என்னைக் கேட்டாள்.

பொட்டலத்தைப் பல்லால் கிழித்து, ஊசி குத்தாத கையால் அவள் உள்ளங்கையில் நானே தூவிவிட்டேன்.