மூன்று கட்டை இறக்கிய அழுகை

மேடையில் ஒலிகளை எழுப்பும் கன்ட்ரோலரைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்ததுமே சின்னவளுக்குக் குமட்டியது. அறுபத்து நான்கு ரப்பர் பொத்தான்களுக்கு நடுவே பிஸ்கட் தூளும் காய்ந்த பழரசமும் அப்பிக் கிடந்தன. ஒரு மூலையில் யாரோ கடித்துத் துப்பிய நகத்துண்டு. திருகுக் குமிழ்களைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொண்டது.

"மாமா, இதை என்னைக்காவது துடைச்சிருக்கீங்களா?"

"கலைஞன் கைபட்ட கருவி அப்படித்தான் இருக்கும்" என்றார் அக்காவின் கணவர், மேடைக்குப் பின்னாலிருந்த சோபாவில் படுத்தபடி, போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ரசிகர்களுக்கு அவர் 'மின்னல்'. லேப்டாப்பையும் கன்ட்ரோலரையும் வைத்துக்கொண்டு தனி ஆளாக மேடையில் நிற்பார்; கீழே ஐந்நூறு பேர் குதிப்பார்கள். இந்த மாதிரி இசைக்காரர்களுக்கு மென்பொருளை நிறுவி, எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்த ஒலி வரவேண்டும் என்று பொருத்திக் கொடுப்பதுதான் சின்னவளின் தொழில். ஒன்பது வருஷமாக இதே பிழைப்பு. ஆனாலும் மின்னலுக்கு மட்டும் அவள் வேலை செய்ததில்லை. சொந்தத்தையும் தொழிலையும் ஒரே பையில் போடவேண்டாம் என்று ஒதுங்கியே இருந்தாள். நேற்று அவருடைய டெக்னீஷியன் காரணம் சொல்லாமல் கழன்றுகொண்டார். அதற்கு முந்தின நாள்தான் பழைய லேப்டாப் உயிரை விட்டிருந்தது. "நீ கொஞ்சம் பார்த்துக் குடுத்துடுடி" என்று அக்கா கேட்டபோது தட்ட முடியவில்லை. மாலை ஐந்து மணிக்கு நிகழ்ச்சி. சின்னவள் காலை பத்துக்கே அரங்கத்துக்கு வந்துவிட்டாள்.

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுக்குச்சியால் சுரண்டிச் சுரண்டி ஒரு மணி நேரம் போயிற்று. பழைய டெக்னீஷியன் போகுமுன் மின்னலின் வீட்டு டிஸ்க்கிலிருந்து ஒலித்துண்டுகளைப் புது லேப்டாப்பில் போட்டுவிட்டுப் போயிருந்தார். அவள் அதில் மென்பொருளை ஏற்றி, கன்ட்ரோலரை இணைத்தாள். பொத்தானை அழுத்துவதற்கும் ஒலி எழுவதற்கும் இடையில் இருந்த இழுவையைக் காதுக்குத் தெரியாத அளவுக்குக் குறைத்தாள். முதல் வரிசையில் தாளங்களைப் பொருத்தினாள். மூன்றாவது வரிசைக்கு வந்தபோது 'மழை ஏழு' என்று ஒரு ஒலித்துண்டு இருந்தது. அழுத்தினாள். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுவதுபோல் ஒரு கனத்த ஓசை. நடுவில் ஏதோ கரகரத்தது. கரகரப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, மூன்று கட்டை இறக்கப்பட்டிருந்த சுருதியைப் பழையபடி ஏற்றிவிட்டு மறுபடி அழுத்தினாள்.

ஹெட்போனில் அக்கா அழுதாள்.

"அப்பா... அப்பா, கண்ணைத் திறங்கப்பா..."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் அப்பா போன பகல் அது. கரகரப்பு, கட்டிலின் சக்கரம்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு சோபாவுக்குப் போனாள். "மாமா, 'மழை ஏழு' அக்கா குரலா?"

மின்னல் எழுந்து உட்கார்ந்தார். மறுப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் முகத்தில் பூரிப்பு படர்ந்தது.

"கண்டுபிடிச்சிட்டியே! அதான் தொழில் தெரிஞ்ச காதுங்கிறது. மூணு கட்டை இறக்கினதுல அவளுக்கே தெரியல பாரு. கைதட்டு பிச்சிக்கிட்டுப் போற இடம் அதுதான்."

"அது எங்க அப்பா செத்த நேரம்."

"நிஜமான துக்கம்மா அது. ஸ்டுடியோவுல யாரையாவது உட்கார வெச்சு அழுன்னா வருமா? சரி, 'உலை' பாட்டுல அடியில 'ஸ்ஸ்... ஹா'ன்னு ஒரு தாளம் ஓடுமே, அது என்னன்னு நினைச்சே?"

சின்னவள் அந்தத் தாளத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள்.

"உங்க அப்பாவோட மூச்சு. தலையணைக்கு அடியில போனைச் சொருகி வெச்சேன். அவ்வளவு சுத்தமா விழுந்துச்சு."

அவள் கழிவறைக்கு ஓடினாள். வாந்தி வரவில்லை, வந்திருந்தால் தேவலை. 'உலை'யைத்தான் அவள் ஒரு வருஷமாகக் காலை அலாரமாக வைத்திருந்தாள். பல் துலக்கும்போது அந்தத் தாளத்துக்குத் தலையாட்டியிருக்கிறாள். ஒலியை வைத்தே வயிறு வளர்ப்பவளுக்குப் பெற்ற அப்பனின் கடைசி மூச்சு தெரியாமல் போய்விட்டது. மின்னல்மேல் வந்த அருவருப்பு பாதி தன்மேலேயே திரும்பியது. குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக் கழுவிப் பார்த்தாள். பிறகு அக்காவுக்கு போன் போட்டாள்.

அக்கா கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள். சாப்பாட்டு நேரத்தில் வெள்ளைக் கோட்டோடேயே வந்து நின்றாள். விஷயத்தை வாயால் சொன்னால் போதும் என்றுதான் சின்னவள் நினைத்தாள். அக்கா விடவில்லை.

"போட்டுக் காட்டு."

"வேணாம்க்கா."

"போடுடி."

இரண்டையும் முழுசாகக் கேட்டாள். ஹெட்போனை மேசையில் மெதுவாக வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள். "அன்னைக்கு என் தோளைப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தீங்க. அதை எத்தனை பேர்கிட்ட பெருமையா சொல்லியிருப்பேன் தெரியுமா?"

"பிடிச்சிருந்தேனா இல்லையா?"

"இன்னொரு கை போன்ல இருந்திருக்கு."

"உங்க அப்பாவை ஆயிரக்கணக்கான பேர் கேட்கிற மாதிரி பண்ணியிருக்கேன். இதைக் கௌரவமா எடுத்துக்கத் தெரியல உனக்கு."

அக்கா தங்கையின் பக்கம் திரும்பினாள். "அழிச்சிடு."

சின்னவள் தயங்கினாள். "அப்பாவோடது... ஒரு பிரதி எடுத்து வெச்சுக்கலாமாக்கா?"

"அப்பா குரல் நமக்கு ஞாபகம் இருக்கு. இது அவர் குரல் இல்ல. இவரோட சரக்கு."

மின்னல் பாய்ந்து வந்து லேப்டாப்பை மூடப் பார்த்தார். "ஷோவே அதுலதான் நிக்குது! அஞ்சு மணிக்கு ஜனங்க வருவாங்க!" அதற்குள் சின்னவள் அழித்திருந்தாள். இனி எங்கே போய்த் தேடுவது, எப்படி மீட்பது என்று அவருக்குத் தெரியாது. பத்து வருஷமாக அழுத்தத்தான் கற்றிருந்தார்.

"வீட்டு டிஸ்க்ல வேற பிரதி இருக்கு" என்றார், சவால் விடுவதுபோல.

"அது என் பீரோவுல இருக்கு. சாவியும் என்கிட்ட" என்று சொல்லிவிட்டு அக்கா புறப்பட்டாள்.

அப்படியே விட்டுவிட்டுப் போக சின்னவளுக்கு மனசு வரவில்லை. எடுத்த வேலை. மிச்சப் பொத்தான்களைப் பொருத்தி, ஒலி அளவுகளைச் சரிபார்த்து, பொருத்த ஒன்றுமில்லாத இரண்டையும் விளக்கெரியாமல் விட்டாள். மின்னல் அவளைத் திட்டினார், கெஞ்சினார், கடைசியில் வேறு யாருக்கோ போன் செய்யப் போனார். அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது மணி ஐந்தைத் தாண்டியிருந்தது.

எதிர்ப்புற பஸ் நிறுத்தத்தில் அக்கா ஒரு பையோடு காத்திருந்தாள். டிஸ்க்கைச் சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, மாற்றுத்துணி எடுத்து வந்திருந்தாள். "உன் வீட்டுக்குத்தான்" என்றாள். பஸ் வரவில்லை. அரங்கத்தின் தகரச் சுவர் அதிர்ந்தது. தாளம் ஏறி ஏறிப் போய் ஓரிடத்தில் சட்டென்று நின்றது.

அந்த வெற்றிடத்தில், உள்ளே இருந்த ஐந்நூறு பேரும் தாங்களாகவே ஊளையிட்டார்கள். மூன்று கட்டை இறங்கிய அதே அழுகை, அதே இழுப்பு, அதே இடத்தில் ஒரு விக்கல். அத்தனை தடவை கேட்டு மனப்பாடம் ஆகியிருந்தது அவர்களுக்கு. முடித்ததும் சிரித்தார்கள், விசிலடித்தார்கள்.

அக்கா நிறுத்தத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து வாந்தியெடுத்தாள். சின்னவள் அவள் கூந்தலைப் பின்னால் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அந்த ஒலியை அழிக்க எந்தப் பொத்தானும் இல்லை.

அக்கா திரும்பிப் போகவில்லை. குடும்பத்துக்குக் கலை புரியவில்லை என்று மின்னல் எங்கோ பேட்டி கொடுத்தாராம்; சகோதரிகள் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் இன்னொரு இசைக்காரருக்குப் பொத்தான்களைப் பொருத்திக்கொண்டிருந்தபோது ஒரு குழந்தையின் சிரிப்பு வந்தது. சின்னவள் கையை எடுத்தாள்.

"இது யாரோடது?"

"என் பொண்ணோடது."

"அவகிட்ட கேட்டீங்களா?"

"மூணு வயசுங்க அவளுக்கு" என்று சிரித்தார் அவர்.

"அப்போ அவங்க அம்மா நம்பர் குடுங்க."

அவர் முகம் சுருங்கியது. வேலையை வேறு ஆளிடம் கொடுத்துக்கொள்கிறேன் என்றார். சின்னவள் தன் கேபிள்களைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.