சொந்தப் பாட்டில் தோற்ற ஸ்க்ரிவான்

செத்து நூற்றெழுபது ஆண்டுகளான மத்தோஷ் ஸ்க்ரிவான், 1974 மார்ச்சில் எங்கள் ஊர்க் கலாச்சார மாளிகையில் நடந்த தேர்வில், தானே எழுதிய பாட்டில் தோற்றார். அன்று இன்னும் ஏழு பேர் தோற்றார்கள். அவர்கள் உயிரோடிருந்தவர்கள்.

அப்போதெல்லாம் செக்கோஸ்லோவாக்கியாவில் ராக் இசைக்க அரசு அனுமதி வேண்டும். தேர்வுக் குழுவின் முன் வாசித்துக் காட்டி, இசை இலக்கணம் பற்றியும் கம்யூனிஸ்ட் கட்சி மாநாடுகள் பற்றியும் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். க்வியெத்தாவுக்கு இது கடைசி வழி. தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தாள் என்று இசைக் கல்லூரியிலிருந்து துரத்தப்பட்டவள் அவள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறெரிகிறது. கிதார்க்காரன் லுமீரின் ராக் குழுவில்தான் அவள் கை வைக்க ஒரு கீபோர்டு மிச்சமிருந்தது. தேர்வுக் குழுவைச் சமாளிக்க அவள் ஒரு யோசனை செய்தாள். ஸ்க்ரிவான் அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ப் பள்ளி ஆசிரியர். அவர் எழுதிய கிறிஸ்துமஸ் பூசைப் பாட்டில் ஒரு குரலை இன்னொரு குரல் துரத்திக்கொண்டே போகும் பகுதி ஒன்று உண்டு. அதை எடுத்து, துரத்துகிற வேலையைக் கிதாரிடமும் டிரம்ஸிடமும் கொடுத்தாள்.

பாதியிலேயே தேர்வுக் குழுத் தலைவர் டாக்டர் ஸ்போரில் மேசையைத் தட்டினார். “நிறுத்தும்மா! சங்கீதமா இது, தகர டப்பாவா? எழுதின மனுஷன் இருந்திருந்தா உங்களச் செருப்பால அடிச்சிருப்பாரு.”

கதவைத் திறந்துகொண்டு ஸ்க்ரிவான் வந்தார். பொய்முடியிலும் கோட்டிலும் மண். “எவன்டா அது, என் பேரச் சொல்லி அடிக்கிறவன்?” என்றார். பிறகு லுமீரிடம் திரும்பி, “நீ வாசி தம்பி. எனக்குக் குடுத்தது சளி புடிச்ச நாலு பசங்களும் ஒரு ஓட்ட ஆர்கனும்தான். இந்தச் சத்தம் கெடச்சிருந்தா நான் மட்டும் விட்டிருப்பேனா?” என்றபடி க்வியெத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து, தானும் கீபோர்டில் கை வைத்தார். பாட்டை முழுக்க வாசித்து முடித்தார்கள்.

ஸ்போரில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “உங்ககிட்ட அனுமதி இருக்கா?”

“நான் எழுதினதுய்யா இது!”

“எழுதியிருக்கலாம். வாசிக்கறதுக்கு அனுமதி வேணும்.”

அங்கேயே தேர்வு வைத்தார்கள். இலக்கணத்தில் அவர் தப்பு விடவில்லை. கட்சியின் பதினான்காவது மாநாடு எப்போது நடந்தது என்ற கேள்விக்கு மட்டும் விழித்தார். தோல்வி என்று முத்திரை குத்தினார்கள். முத்திரை குத்திய கை கொஞ்சமும் கூசவில்லை.

அப்புறம் ஸ்போரில் க்வியெத்தாவிடம் குழைந்தார். “இந்த ஆள எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடும்மா. கிதார் பசங்கள வெளிய அனுப்பிட்டு, தனியா ஒழுங்கா வாசி. உனக்கு மட்டும் பாஸ் போட்டுடறேன்.”

க்வியெத்தாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “சங்கீதம்னு எனக்குத் தெரிஞ்சதே இவரும் இவனுங்களும்தான். உன் பாஸ நீயே வச்சுக்க, போய்யா!”

கரி அள்ளிப்போட அனுமதி தேவையில்லை என்பதால், அவளும் ஸ்க்ரிவானும் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கொதிகலன் அறையில் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஓய்ந்த நேரத்தில் லுமீர் கிதாரோடு வருவான். அவர்கள் வாசித்ததை, வீடுகளுக்குச் சூடு கொண்டுபோகும் வெந்நீர்க் குழாய்கள் மாடி மாடியாக ஏற்றிக்கொண்டு வந்தன. மூன்றாம் மாடியில் குடியிருந்த ஸ்போரில் புகார் கொடுத்தார். பழுது பார்க்க வந்தவர் குழாயில் காதை வைத்துக் கேட்டார். வெந்நீரும் சரியாக வருகிறது, தாளமும் சரியாக இருக்கிறது, குழாய்க்குத் தேர்வு வைக்கச் சட்டமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

மே மாதம், குளிர்காலம் முடிந்துவிட்டதென்று கொதிகலனை அணைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. நெருப்பு அணைந்தால் குழாய்களும் ஊமையாகிவிடும். க்வியெத்தா கரி மண்வெட்டியைச் சுவரில் ஓங்கி அடித்துவிட்டு அழுதாள். அது எங்கள் வீடுகளுக்குக் கேட்டது. மறுநாள் காலை குடியிருப்பு அலுவலகத்தில் நாங்கள் அத்தனை பேரும் போய் நின்றோம்.

“என்ன விஷயம்?” என்றார் அதிகாரி.

“குளுருதுங்க” என்றோம்.

ஜூலை முழுக்கக் கொதிகலன் எரிந்தது. எல்லா ஜன்னல்களையும் திறந்து போட்டு, பனியனோடு உட்கார்ந்து, வேர்த்து ஊற்ற ஊற்றக் கேட்டோம்.