இரண்டு ப்ராசஸரில் அக்காவின் குரல்

மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த காலத்தில் அக்காவுக்குப் ‘பட்டாசு’ என்று பெயர். வருகிறவர் ஒரு வார்த்தை சொன்னால் அவள் ஒன்பது சொல்வாள். அவர் சிரித்துக்கொண்டே, வாங்க நினைக்காத பிரேமையும் சேர்த்து வாங்கிப் போவார். நரம்பு நோய் வந்தபோது முதலில் பிடித்தது அந்த நாக்கைத்தான். பிறகு கால், கை. கடைசியில் வலது கையில் ஒரே ஒரு விரல் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டது.

தம்பிக்கு சர்வர்களைப் பராமரிக்கும் வேலை. அக்கா எப்போதோ அனுப்பியிருந்த குரல் செய்திகளையெல்லாம் திரட்டி, அவள் தட்டுவதை அவள் குரலிலேயே பேசும் மென்பொருள் ஒன்றை அமைத்தான். அந்தப் பாரத்தை அவள் மடியிலிருந்த டேப்லெட் தாங்கவில்லை. அதனால் ஒரு நிறுவனத்தின் சர்வரில் கண்டெய்னர் ஒன்றைப் பிடித்து அதில் ஓடவிட்டான். பலர் குடியிருக்கும் பெரிய கட்டடத்தில் ஓர் அறை மாதிரி அது. கட்டடம் எவ்வளவு பெரிதானாலும் இவன் பங்கு இரண்டு ப்ராசஸர்தான். அதுவே போதுமாக இருந்தது. பொத்தானை அழுத்தியதும் குரல் வந்தது.

அவள் முதலில் சொன்னது, “இனிமே இந்த வீட்ல யாருக்கும் நிம்மதி கிடையாது.”

லிஃப்ட் பழுது பார்க்கும் மாமா, அவள் கணவர், அன்று வேலைக்கே போகவில்லை. வேண்டுமென்றே வாயைக் கிளறி, திட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெயில் காலத்தில் குரல் பின்தங்கத் தொடங்கியது. சாப்பாட்டு மேசையில் பேச்சு வேறெங்கோ போன பிறகு, பழைய கேள்விக்கு அவள் பதில் வரும். முதலில் காத்திருந்தார்கள். பிறகு அவள் வாக்கியத்தைத் தாங்களே முடித்து வைத்தார்கள். போகப் போக, தலையசைத்தால் போதும் என்கிற கேள்விகளை மட்டும் கேட்டார்கள். இந்த நோயில் சிலருக்கு யோசனையும் மந்தப்படும் என்றார் மருத்துவர்.

அக்கா தம்பிக்குச் செய்தி அனுப்பினாள்: “குரல் லேட்டா வருதுடா.”

அவன் நிறுவனத்தின் அறிக்கையைத் திறந்து பார்த்தான். ஒரு மணி நேரச் சராசரியில் ப்ராசஸர் பயன்பாடு பத்தில் ஒரு பங்குகூட இல்லை. உடனே அழைத்தான்.

“மிஷின் சும்மாதான்க்கா இருக்கு. நீ அவசரப்படாத, மெதுவா பேசு. நாங்க இருக்கோம்ல?”

நோயாளியிடம் பேசும் தொனி அது. அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மழை தொடங்கியதும் அவன் விடுப்பு எடுத்து வந்து தங்கினான். ஒரு காலை அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் நின்று தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தான். அவள் மகள் கல்லூரிக்குக் கிளம்பினாள். “வரேம்மா.” அக்காவின் விரல் திரையில் ஓடி, பொத்தானை அழுத்தியது. ஒன்றும் கேட்கவில்லை. கதவு மூடிக்கொண்டது. செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது. அதற்கப்புறம் அவர்கள் இருவர் மட்டும் இருந்த அறையில் அவள் குரல் சொன்னது: “குடை எடுத்துக்கோ.”

தம்பி சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்தான். இந்த முறை சராசரியைப் பார்க்கவில்லை. கண்டெய்னருக்குள் நுழைந்து, அது எத்தனை முறை நிறுத்தி வைக்கப்பட்டது என்ற கணக்கைப் பார்த்தான். எண் ஏறிக்கொண்டே இருந்தது.

வெயில் காலத்தில் நிறுவனம் எல்லாவற்றையும் ஒரு புதிய, பெரிய இயந்திரத்துக்கு மாற்றியிருந்தது. அதில் அறுபத்து நான்கு ப்ராசஸர். எத்தனை இருக்கிறது என்று மென்பொருள் கேட்டால், இவன் பங்கைச் சொல்லாமல் இயந்திரம் மொத்தத்தையும் சொல்லியிருக்கிறது. அதை நம்பி, அவள் ஒரு சொல் பேசினாலும் மென்பொருள் வேலையை அறுபத்து நான்காகப் பிரித்து ஒரே நேரத்தில் ஓடவிடும். இரண்டு ப்ராசஸர் அளவுக்கு ஒதுக்கிய நேரம் கண்ணிமைப்பதற்குள் தீரும். உடனே எல்லாம் நிற்கும். மறுபடி கொஞ்சம் ஓடும், மறுபடி நிற்கும். அவள் பேசாமல் இருந்த நேரத்தையும் சேர்த்துப் போட்ட சராசரியில் இது எதுவும் தெரியவில்லை.

உனக்கு இரண்டுதான் என்று மென்பொருளுக்கு ஒரே ஒரு வரி எழுதினால் போதும். எழுதிவிட்டு வந்து அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தான்.

“உன் மேல ஒண்ணும் இல்லக்கா. மிஷின்தான்.” நடந்ததைச் சொன்னான்.

குரல் உடனே வந்தது. “விரலுக்கேத்த வீக்கம் வேணும்னு அதுக்குத் தெரியல போல.”

சிரிக்கப் போனவன் பாதியிலேயே நிறுத்திக்கொண்டான். “நீ அப்பவே சொன்னியேக்கா.”

“சொன்னேன். அப்புறம் எல்லாரும் ரொம்ப அன்பா பேச ஆரம்பிச்சீங்க. சரி, நெஜமாவே மூளை போயிடுச்சுன்னு நானும் நம்பிட்டேன்.”

அன்று மாலை அவள் கணவரையும் மகளையும் எதிரில் உட்கார வைத்தாள். யாரும் நின்று கேட்காத பதில்களைச் சொன்னாள்.

“தையல் மிஷினை வித்துடலாமான்னு கேட்டீங்கல்ல? விக்காதீங்க. பாப்பாவுக்கு ஆகும்.”

அதை விற்று ஒரு மாதம் ஆகியிருந்தது. மாமா, “சரி, விக்கல” என்றார்.

“வெளியூர் காலேஜ்ல எடம் கெடச்சிருக்கு, போகவான்னு கேட்டேல்ல பாப்பா? போ. நான் சமாளிச்சுக்குவேன்.”

மகள் உள்ளூர்க் கல்லூரியில் சேர்ந்து வாரங்கள் ஆகிவிட்டன.

“நீ சும்மா பாத்துட்டே இருந்தியேம்மா. போக வேணாம்னு சொல்ல மனசு வராமதான் இருக்கியோன்னு நெனச்சேன்.”

“அப்பவே சொன்னேன்டா. நீ எழுந்து போயிட்ட.”

மகள் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் தலையைத் தடவ அக்காவால் கையைத் தூக்க முடியவில்லை. மாமாதான் அந்தக் கையை எடுத்து மகள் தலைமேல் வைத்தார்.

சில வாரங்கள் வீட்டில் பழைய சத்தம் இருந்தது. பிறகு அந்த விரலும் நின்றது. கண்ணசைவைப் படிக்கும் கருவி ஒன்றைத் தம்பி கொண்டுவந்து பொருத்தினான். அக்கா கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டுக் கண்களை மூடிக்கொண்டாள். மழை விடுவதற்குள் போய்விட்டாள்.

மறு வருடம் மகளுக்கு அந்த வெளியூர்க் கல்லூரியில் மறுபடியும் இடம் கிடைத்தது. தம்பிதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையம் வரை வந்தான். ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்தவள் குனிந்து கேட்டாள்.

“நாங்க எழுந்து போனதுக்கப்புறம் அம்மா வேற என்னெல்லாம் சொல்லியிருப்பாங்க மாமா?”

“தெரியலம்மா” என்றான்.

நடத்துனர் விசில் கொடுத்தார். பேருந்து நகர்ந்த பின்னும் அவன் அங்கேயே நின்றிருந்தான்.