டெர்கெலின் மகள் பவுல்சன்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் குடும்பப்பெயர் மேல் வந்த எரிச்சலில் தொடங்கியது. நான் பவுல்சன். 'பவுலின் மகன்' என்று பொருள். நானோ பெண், அப்பா பெயர் ஹென்னிங். 'பவுல்' என்றால் லத்தீனில் சின்னவன். பேருந்தில் நிமிர்ந்தால் தலை இடிக்கும் உயரம் எனக்கு. ஒரே பெயரில் இத்தனை பொய்.

யார் அந்தப் பவுல் என்று தேடப் போய், தேவாலயத்தின் ஞானஸ்நான ஏட்டில், 1829 மார்ச்சில் மாட்டிக்கொண்டேன்.

2

"கல்நெஞ்சக்காரக் கிழவன் பவுல், மகனை வீட்டைவிட்டுத் துரத்தி..." எழுதியதை அடித்துவிட்டேன். ஆதாரமே இல்லை. தன் பெயர் இருநூறு வருஷம் நடக்கும் என்று பாவம், அவருக்கென்ன தெரியும்?

"லிம்ஃபியோர்டு கடற்கழியின் மேல் அன்று பனி..." வேண்டாம், எல்லோரும் பனியில்தான் தொடங்குகிறார்கள்.

நேராகவே சொல்கிறேன். பவுலின் மகன் டெர்கெல், ஜனவரியில் பனிக்கட்டியைத் துளைத்து விலாங்கு குத்தப் போனான். பனி உடைந்தது. உடல் கிடைக்கவில்லை. மார்ச்சில் அவன் மனைவி போடிலுக்கு மகள் பிறந்தாள். அதுவரை எங்கள் நாட்டு வழக்கம் எளிது: அப்பன் பெயரோடு, மகனென்றால் 'சன்', மகளென்றால் 'டாட்டர்'. தலைமுறைக்குத் தலைமுறை மாறும். முந்தின வருஷம்தான் ராஜா அதை நிறுத்தச் சொல்லியிருந்தார்.

3

"குழந்தை பேரு மெட்டே," என்றார் பாதிரியார், தேவாலயத்தில் ஏட்டைத் திறந்துவைத்து. "மெட்டே பவுல்சன்."

"பவுலோட மகனா? துணியப் பிரிச்சுப் பாத்துட்டு எழுதுங்கய்யா," என்றாள் போடில்.

பாதிரியார் சிரித்துவிட்டார். "என்னம்மா பண்றது, ராஜா உத்தரவு. இனிமே குடும்பத்துக்கு ஒரே பேரு. உன் புருஷன் பவுல்சன், இவளும் பவுல்சன்."

"டெர்கெல் மகள்னு எழுதுங்க."

"அப்பன் பேர இந்தக் கட்டத்துல தனியா எழுதியிருக்கேனே."

"கட்டத்தப் பாத்தா இவளக் கூப்பிடப் போறாங்க?" போடில் குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டாள். "அவனுக்குக் குழியும் இல்ல, கல்லும் இல்லய்யா. இவ பேருலயாச்சும் இருந்துட்டுப் போகட்டும்."

(இந்த இடத்தில் எனக்கே கண் கலங்கியது. எழுதுகிறவள் அழக்கூடாது என்பார்கள். அழுதேன்.)

(இன்னொன்று: மெட்டே கல்யாணமே செய்துகொள்ளவில்லை, ஆனால் மகன் இருந்தான். அப்படித்தான் இந்தப் பெயர் என்வரை வந்தது. அது இதைவிட நல்ல கதை.)

4

ஏட்டில் கடைசியில் என்ன விழுந்தது என்பதற்கு என் பெயரே சாட்சி. ஆனால் கதையில் நான் நினைத்தது நடக்கும். எனவே பாதிரியாரை நாற்காலியிலிருந்து எழுப்பி, வாசலில் கனைக்கும் குதிரையைப் பார்க்க அனுப்புகிறேன். நல்ல மனிதர், நிதானமாகத்தான் வருவார்.

நானே 'டெர்கெல்ஸ்டாட்டர்' என்று எழுதிவிடலாம். எழுதினால் என் பெயரை நானே அடித்ததாகும். பவுல் கிழவர் மேலும் இதற்குள் பாசம் வந்து தொலைத்துவிட்டது. கை வரவில்லை.

ஏடு திறந்திருக்கிறது. பெயர்க் கட்டத்தில் 'மெட்டே' என்று மட்டும் இருக்கிறது, பக்கத்தில் வெற்றிடம். பேனா மேஜைமேல் கிடக்கிறது. போடிலுக்கு எழுதத் தெரியாது.

உங்களுக்குத் தெரியும்.