பௌர்ணமி மழை

பெடாஸ் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மழையை அளந்து எழுதி வந்தவர் ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி அமிர்தலிங்கம். ஆபீசுக்கு முன்னால் புல்தரையில் ஒரு செம்புக் குடுவை பதித்திருக்கும். காலையில் அதில் தேங்கிய நீரைக் கண்ணாடிக் குழலில் ஊற்றி, எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து, மழைப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். இதில் ஒரு மனிதன் என்ன சேட்டை செய்துவிட முடியும் என்று கேட்பீர்கள். அமிர்தலிங்கம் செய்தார்.

மரப்பட்டை ஈரமாக இருந்தால் பால் வெட்ட முடியாது. ஆட்கள் வீட்டுக்குப் போகலாம். தோட்டத்து மாரியம்மனுக்கோ மாசி மகம், பங்குனி உத்திரம், சித்ரா பௌர்ணமி என்று வருடத்தில் மூன்று விசேஷம். மூன்றுக்கும் நிர்வாகம் லீவு தராது. வேலைக்கு வராமல் நின்றால் பேருக்கு எதிரே சிவப்புக் கோடு விழும். ஆகவே அந்த மூன்று நாளும் விடியற்காலைப் பெரட்டில், ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் மண்டோர் அர்ச்சுனன், பக்கத்து மரத்தை ஒரு தடவு தடவிவிட்டு ஈரம் என்று அறிவிப்பார். கிராணி புத்தகத்தில் மழை எழுதுவார். மேனேஜர், அதாவது தொரை ராமகிருஷ்ணன், மேட்டுப் பங்களாவிலிருந்து ஒன்பது மணிக்கு இறங்கி வரும்போது வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். பெய்த மழை காய்ந்துவிட்டது என்று சொன்னால் யார் மறுப்பது?

பொய் எழுதினாலும் அமிர்தலிங்கம் ஏனோதானோ என்று எழுதமாட்டார். பத்து, இருபது என்று முழு எண் போட்டால் சந்தேகம் வருமென்று பதினொன்றரை, பதினேழு என்று போடுவார். மாசி மகத்துக்குத் தூறல் போதும். பங்குனிக்குக் கொஞ்சம் கூடுதல். சித்ரா பௌர்ணமிக்கு மறுநாளும் ஆடு வெட்டிச் சாப்பிட வேண்டியிருப்பதால் இரண்டு நாள் அடைமழை. மாதக் கடைசியில் தொரை அந்த எண்களைத் தம் கையாலேயே வேறொரு தாளில் படியெடுத்து, கையெழுத்துப் போட்டு, கம்பெனித் தலைமை ஆபீசுக்கு அனுப்புவார். அங்கே அதை யாரும் படிப்பதில்லை என்றுதான் தோட்டத்தில் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

1994இல் ஒருவர் படித்துவிட்டார். போர்ட் டிக்சன் கடலோரத்தில் இருந்த ஓர் ஆய்வு நிலையத்தில் பருவநிலை மாற்றத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார் டாக்டர் நோராய்னி என்ற இளம் பெண். கடல் சூடாவதற்கும் கரையில் பெய்யும் மழைக்கும் என்ன தொடர்பு என்பது அவர் கேள்வி. அதற்காக, நீண்ட காலம் மழை அளந்தவர்களை நிலையத்துக்கு வரவழைக்க ஒரு நிதி வாங்கியிருந்தார். கார் வரும், மூன்று நாள் ஏர்கண்டிஷன் அறை, மூன்று வேளைச் சாப்பாடு. அழைப்பு கிராணிக்கும் தொரைக்கும் சேர்த்தே வந்தது. அமிர்தலிங்கத்தின் மனைவி மயிலம்மாள் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயம் முழுக்க இதைச் சொல்லி முடித்தபோது, அவர் ஏதோ விஞ்ஞானியாகிவிட்டது போலிருந்தது.

முதல் நாள் ராஜ உபசாரம். கண்ணாடித் தொட்டியில் பவளம் பார்த்தார்கள். படகில் போய், கயிற்றில் கட்டி இறக்கிய கருவி கடலின் சூட்டைச் சொல்வதைப் பார்த்தார்கள். தொரை படகில் வாந்தி எடுத்தார், கிராணி எடுக்கவில்லை. அந்தச் சந்தோஷம் அவருக்கு இரவுச் சாப்பாடு வரை நீடித்தது.

மறுநாள் காலை நோராய்னி அவர்களை ஓர் அறைக்குக் கூட்டிப்போனார். சுவர் நீளத்துக்கு ஒரு தாள். அதில் இருபத்திரண்டு ஆண்டு மழையும் நீலக் கோடுகளாக நின்றது. அந்தப் பெண் மலாயில் மூச்சு விடாமல் பேசினார். இந்தத் தோட்டத்தில் ஆண்டுதோறும் மூன்று பௌர்ணமிகளில் தவறாமல் மழை பெய்கிறது என்றார். மூன்றாவது பௌர்ணமியில்தான் அதிகம் என்றார். பௌர்ணமியில் கடல் பொங்கும். அந்தப் பொங்கலுக்கும் மழைக்கும் உறவு இருக்கிறது, இதை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்றார். அடுத்த வாரம் ஜப்பானில் ஒரு மாநாட்டில் உலகத்து விஞ்ஞானிகள் முன்னால் இதைப் படிக்கப் போகிறார். கட்டுரையில் அமிர்தலிங்கத்தின் பெயருக்கு நன்றியும் போட்டிருக்கிறார்.

முதலில் அமிர்தலிங்கத்துக்குப் பெருமைதான் வந்தது. தூறல், கூடுதல், அடைமழை என்று தாம் பார்த்துப் பார்த்து வைத்த வரிசையை ஒரு டாக்டரே பாராட்டுகிறாரே. அடுத்த நொடியே விபரீதம் புரிந்தது. வாயைத் திறந்தால் பக்கத்திலேயே தொரை. வேலை போகும், அர்ச்சுனன் வேலையும் போகும், மாரியம்மனுக்கு இனி மழையும் கிடையாது. திறக்காவிட்டால் இந்தப் பெண் ஜப்பானில் போய் நின்று, அவருடைய பொய்யைத் தன் வாயால் படிக்கும். அங்கே எவனாவது ஒருவன் தமிழ் நாட்காட்டியைப் புரட்டினால் போதும், அவள் மானம் கப்பலேறிவிடும். நோராய்னி சிரித்துக்கொண்டே கோடுகளைத் தடவிக் காட்டினார். அதைப் பார்க்க அமிர்தலிங்கத்துக்கு வெட்கமாக இருந்தது.

"தொரை, மன்னிச்சிருங்க. இதுக்கு மேல சும்மா இருக்க முடியாது," என்றார் தமிழில்.

பிறகு மலாய்க்கு மாறி, நோராய்னியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மாரியம்மன், பெரட்டு, தடவிய மரம், பதினொன்றரை மில்லிமீட்டர், ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அந்தப் பெண் முகம் சுருங்கி, கண் கலங்கி, ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ராமகிருஷ்ணன் ஜன்னல் வழியாகக் கடலை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் நோராய்னி மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஜப்பானில் தெரிவதைவிட இங்கே தெரிந்தது எவ்வளவோ நல்லது என்றார். ஒரு சிவப்புப் பென்சிலை நீட்டி, பெய்யாத மழையையெல்லாம் அடித்துக் காட்டச் சொன்னார். அமிர்தலிங்கம் ஸ்டூல் மேல் ஏறி, வருடம் வருடமாக அடித்துக்கொண்டே போனார். ஒவ்வொன்றும் அவருக்கு நினைவிருந்தது. எண்பத்தொன்பதில் சித்ரா பௌர்ணமிக்கு நிஜமாகவே மழை பெய்து பந்தல் விழுந்தது. அதை மட்டும் விட்டுவைத்தார்.

முடித்து இறங்கியதும் நோராய்னி தாளை உற்றுப் பார்த்தார். இன்னும் ஏதோ இடிக்கிறது என்றார். கடைசி எட்டு ஆண்டுகளாக ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை காலையில் இருபது மில்லிமீட்டர் மழை இருக்கிறது. கூடவுமில்லை, குறையவுமில்லை. இது எந்தச் சாமி என்று கேட்டார்.

அமிர்தலிங்கம் அந்தக் கோடுகளை எண்ணிப் பார்த்தார். அந்தப் புதன்கிழமை மழையை அவர் எழுதவில்லை. அதிலும் முழு எண்ணாக இருபது போட அவருக்குக் கை வராது. முதல் புதன்கிழமைதான் கம்பெனியிலிருந்து தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க ஆள் வரும் நாள். மழை என்று தொரை போன் பண்ணினால் வரமாட்டார்கள்; மாதத் தாளைப் படியெடுப்பதும் அவர்தானே. அன்றைக்குத் தொரையின் கார் சிரம்பான் பக்கம் போவதும், பின் சீட்டில் கோல்ஃப் மட்டைப் பை கிடப்பதும் லயத்துக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ராமகிருஷ்ணனின் வலது கை வெயிலில் கறுத்திருந்தது. கோல்ஃப் ஆடும்போது உறை போடும் இடது கை மட்டும் வெளுப்பு. தொரை மெதுவாக இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

தொரையாக வந்த நாளிலிருந்து எட்டு ஆண்டுகள் இந்த மனிதருக்குப் பயந்து பயந்து மழை எழுதியதை நினைக்க அமிர்தலிங்கத்துக்குக் கோபம் வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு, பென்சிலை மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினார்.

"மிச்சத்த நீங்க அடிங்க தொரை. ஸ்டூல நான் புடிச்சுக்கிறேன்."

தொரை ஏறினார். தொண்ணூற்றாறு புதன்கிழமைகளையும் அடித்து முடிக்க அரை மணி நேரமாயிற்று.

மறுநாள் காரில் ஊர் திரும்பினார்கள். லிங்கி பாலம் தாண்டியபோது ராமகிருஷ்ணன் முன்னால் பார்த்தபடியே சொன்னார்:

"கிராணி, அந்த மூணு நாளுக்கும் லீவுன்னு நோட்டீஸ் டைப் பண்ணிக் கொண்டாங்க. கையெழுத்துப் போட்டுடறேன்."

"நாலு நாள் தொரை," என்றார் அமிர்தலிங்கம். "சித்ரா பௌர்ணமிக்கு ரெண்டு."